மூச்சு விடாதவள்

இரத்தப் பரிசோதனைக் கூடத்து அம்மாவுக்கு ஊரார் வைத்த பெயர் 'பூட்டு'. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தக் கூடத்துக்குப் படியேறும்போது, "பயப்படாம போ, பூட்டுகிட்டதானே கொடுக்கப்போறே" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காமாலை, எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டாருக்கு முன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை முகத்தில்கூடக் காட்ட மாட்டாள். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்து, "ஏங்க்கா, அந்தப் பொண்ணுக்கு..." என்று தூண்டில் போடுகிறவர்களிடம், "வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

"அவ மூச்சு விட மாட்டா" என்பதுதான் ஊர் அவளுக்குக் கொடுத்த நற்சான்று. அது இன்னொரு வகையிலும் உண்மை என்பது பலருக்குத் தெரியாது. இரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது அவள் நிஜமாகவே மூச்சை நிறுத்திவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை நடுங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் நிற்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நரம்பு தென்பட்டு, ஊசி ஏறி, குழாய் நிறைந்து, பஞ்சை வைத்து அழுத்திய பிறகுதான் விடுவாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாலும் அப்படித்தான். எதிரே ஏதாவது அசந்துபோகிற மாதிரி தெரிந்தால் போதும், மூச்சு தானாக நின்றுவிடும். தலை நரைக்கிறவரை இதே பழக்கம்.

ஆண்டவனுக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை கொஞ்சம் அதிகம். இல்லாவிட்டால் பூட்டுக்குப் போய் ஓட்டைவாயை முடிச்சுப் போடுவானா? அவள் கணவர் அதே தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். தங்கமானவர். ஆனால் அவர் காதில் விழுந்த எதுவும் ஒரு நாள்கூடத் தங்கியது கிடையாது. வருகிறவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாரை மாட்டுகிற நேரத்துக்குள் தெருவின் மொத்த விஷயத்தையும் சொல்லி முடித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், தேநீர் குடிக்கும்போது, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, பாவம் என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் வாத்தியார் கடைக்கு வந்தார். கடை நிறையக் கூட்டம். கணவர் அக்கறையாகத்தான் சொன்னார், ஆனால் தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், இந்த மாதிரி கடிக்கிற செருப்பெல்லாம் இனிமே வேணாம். உங்களுக்குச் சர்க்கரைன்னு வீட்ல சொன்னாங்க. புண்ணு வந்தா ஆறாது. மெத்துன்னு ஒண்ணு தரேன்." வாத்தியார் பேயறைந்த மாதிரி நின்றார். பரிசோதனை முடிவை வாங்க அவர் அன்றைக்குத்தான் மாடிக்குப் போவதாக இருந்தார்.

அவள் வேலை தப்பியதே பெரும்பாடு. அன்றைக்குப் பூட்டினாள். நோயாளிகள் விஷயத்தை மட்டும் பூட்டியிருந்தால் நியாயம். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டாள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." தங்கை வீட்டுக்குப் போய்வந்தால் "நல்லா இருந்துச்சு." சினிமா பார்த்துவிட்டு வந்தால் "நல்லா இருந்துச்சு." பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது, வலித்ததா என்று கண் கலங்கக் கேட்டவருக்கும் ஏறக்குறைய அதே பதில்தான் கிடைத்தது.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்பார் அவர். "ஒரே ஒரு தடவை தப்புப் பண்ணினேன். அதுக்கு ஆயுசு பூராவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எந்தச் சாவியால் திறப்பது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடல். கரையில் நின்று பார்க்கிற கடல் இல்லை, அடியில் இருக்கிற கடல். கடைச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் எந்நேரமும் மீன்கள்தான் நீந்தும். வாடிக்கையாளர்கள் காலை இவரிடம் கொடுத்துவிட்டு கண்ணைத் திரையில் வைத்துக்கொள்வார்கள். "என்னைக்காவது உள்ள இறங்கிப் பார்த்துடணும்" என்று அவர் சொல்லிச் சொல்லியே மகள் வளர்ந்தாள். வளர்ந்தவள் ஒருநாள், முக்குளிக்கக் கற்றுத்தருகிற ஒரு தீவில் இரண்டு பேருக்கும் அறை போட்டுவிட்டு வந்து நின்றாள். "அப்பா, இனிமே சாக்கு சொல்ல முடியாது. அம்மா, நீயும் துணைக்கு இறங்கு."

அப்புறம் மாதக்கணக்கில் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி. அவள் சத்தமில்லாமல் கற்றுக்கொண்டாள். அவர் ஒவ்வொரு முறையும் குளத்தைவிட்டு ஏறியதும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பார். "காதுல தண்ணி போச்சு." எல்லோருக்கும் அது சிரிப்பாக இருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் சோதித்தவளுக்கு வீட்டுக்காரர் காதைச் சோதிக்கத் தோன்றவில்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

தீவில் இறங்கியதும், கடலுக்குள் போகிறவர்களை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் சின்ன விளக்கைக் கணவரின் வலது காதில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். திரும்பவும் பார்க்கிறார் என்றபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, செவிப்பறை ஓட்டையா இருக்கு. சின்ன வயசுல சீழ் வந்திருக்கும். நீங்க ஆழத்துக்குப் போகவே கூடாது."

"டாக்டர், ஊர்ல எனக்கு வாயிலதான் ஓட்டைன்னு சொல்வாங்க. காதுலயுமா?"

மருத்துவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முடிவைக் கேட்டதும் முதலில் ஜோக் அடிக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குத்தான் அடி பலம்.

தேடிப்போனபோது மனுஷர் படகுத்துறையின் பலகை ஓரத்தில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர். கீழே மணலில் அவர் காலைச் சுற்றிப் பொடி மீன்கள் வந்து விசாரித்துக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டு வா" என்றார் அவர்.

"நீங்க இல்லாம நான் எதுக்கு?"

"எனக்காகத்தான். போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

"சரி."

"சரின்னு சொல்லாதே, பயமா இருக்கு. வந்து 'நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும் சொன்னே, நான் இங்கேர்ந்தே குதிச்சிடுவேன்."

"இங்க முழங்கால் ஆழம்தாங்க."

"அதான் தைரியமா சொல்றேன்."

கண்டவர் விண்டதில்லை, விண்டவர் கண்டதில்லை என்பார்கள். அந்த வசனத்தைப் புருஷன் பெண்டாட்டியாகச் செய்து ஒரு பலகையில் உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது அந்தக் காட்சி. அவர் ஆயுசு பூராவும் ஆசைப்பட்ட கடல் இனி அவருக்கு அவள் வாய்வழியாக வந்தால்தான் உண்டு. அவள் வாயோ ஊரறிந்த வாய்.

படகில் கூட வந்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். முதலாவது, ஓய்வு பெற்ற ஆடிட்டர். கையில் ஒரு கடிகாரம், அதற்குப் பக்கத்தில் ஆழம் காட்டுகிற இன்னொரு கடிகாரம், இடுப்பில் ஒரு கத்தி, கழுத்தில் ஒரு விசில். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் பொய்யைத் தேடியவர். மீன் கணக்கில் மட்டும் தாராளம். படகில் ஏறும்போது முழ நீளம் இருந்த மீன், கரைக்கு வரும்போது ஆள் நீளம் ஆகிவிடும்.

இரண்டாவது, ஒரு பல் மருத்துவர். படகு கிளம்பியதும் கயிற்றுச் சுருளின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிடுவார். அலை தூக்கிப் போட்டாலும் குறட்டை தாளம் தப்பாது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து, பொத்தென்று கடலில் விழுவார். ஒருமுறை சுறாவைப் பார்த்துவிட்டு வந்து, "பல்லு வரிசை வரிசையா இருக்கு. ஒண்ணுல கூட சொத்தை இல்ல. நம்மளுக்கு அங்க பிழைப்பு நடக்காது" என்று வருத்தப்பட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனார்.

அப்புறம் ஒரு புதுமணத் தம்பதி. கரையில் இருக்கும்வரை, வெயிலுக்குப் பூசுகிற எண்ணெய்க் குப்பியை யார் மறந்தது என்பதில் ஆரம்பித்து இரண்டு வம்சத்தையும் இழுத்துவிடுவார்கள். தண்ணீருக்குள் போனால் கைகோத்துக்கொண்டு ஜோடிக் கிளிகளாக இருப்பார்கள். அங்கே பேச முடியாதே. ஒருநாள் மாப்பிள்ளை ஒரு ஆமையைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார். கடலுக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். பயிற்சி கொடுக்கும் அம்மா மறு பேச்சில்லாமல் அவரைக் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். கூடவே மனைவியும் வர வேண்டியதாயிற்று. "அழகா ஆமையைப் பார்த்துக்கிட்டிருந்தேன், கெடுத்தியே" என்று அன்று பூராவும் அந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் நடுவே செருப்புக்கடைக்காரர் ஒரே நாளில் தவிர்க்க முடியாத ஆளாகிவிட்டார். தண்ணீரில் போட்டுக்கொள்ளும் துடுப்புச் செருப்பு யாருக்கும் சரியாக அமையவில்லை. ஒருவருக்குக் கடித்தது, ஒருவருக்குக் கழன்றது. இவர் படகுத் தளத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மடியில் வாங்கி, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, "இது உங்க ஜோடி இல்ல ஐயா, மாப்பிள்ளையோடது. மாத்திப் போட்டுக்கிட்டீங்க" என்று சரி பண்ணினார். ஆடிட்டரே காலை நீட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். எல்லோரையும் கடலுக்குள் அனுப்பிவிட்டு இவர் மட்டும் படகின் விளிம்பில் குனிந்து, குமிழிகள் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுடைய பயிற்சி இடுப்பளவு தண்ணீரில் ஆரம்பித்தது. கற்றுக்கொடுத்தவள் அந்தப் பயிற்சி அம்மாதான், நாற்பதை ஒட்டியவள். வெயிலில் கறுத்த முகம், கட்டையாக வெட்டிய முடி, பள்ளிக்கூடத்து டீச்சர் குரல்.

"அக்கா, விதி ஒண்ணே ஒண்ணுதான். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இழுக்கணும், விடணும். விட்டுக்கிட்டே இருக்கணும். நெஞ்சுல காத்தைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தீங்கன்னா அது உள்ளேயே விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிடும். விளையாட்டில்ல."

அவள் தலையாட்டினாள். முதுகில் காற்று உருளையும் வாயில் அதன் குழாயுமாக உள்ளே முங்கியதும் ஒரு மஞ்சள் மீன் வந்து அவள் கண்ணாடிக்கு நேரே நின்று அவளைப் பார்த்தது. அவ்வளவுதான். மூச்சு நின்றது. தக்கை மாதிரி மேலே வந்துவிட்டாள். மறுபடி இறங்கினாள். ஒரு நண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்தது. மறுபடி தக்கை. மூன்றாவது தடவை வெறும் மணல்தான். அந்த மணலில் வெயில் வலை பின்னி ஆடியதைப் பார்த்து அசந்துபோய் மேலே வந்தாள்.

"உங்களுக்கு பயம் இல்லக்கா" என்றாள் கற்றுக்கொடுப்பவள். "பயந்தவங்க மூச்சு வேகமா ஓடும். உங்களுக்கு நிக்குது. இப்படியே இருந்தா உங்களை நான் பவளப்பாறைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. கடைசி நாள் எல்லாரையும் திருக்கை வர இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்களைப் படகுலதான் விட்டுட்டுப் போகணும்."

திருக்கை என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. யானைத்திருக்கை. கணவர் கடையில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பது அது ஒன்றைத்தான். "ரெக்கையை விரிச்சா நம்ம கடை அகலம் இருக்கும். ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. கண்ணைப் பார்த்தா மனுஷன் கண்ணு மாதிரி இருக்குமாம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார்.

ஈரத்தோடு கரையேறியவளை அவர் துண்டுடன் ஓடிவந்து பிடித்தார். "என்ன பார்த்தே?"

"மீனு."

"என்ன மீனு?"

"மஞ்சளா."

"மஞ்சள்னா, கோடு போட்டதா? வாலு எப்படி இருந்துச்சு? உன்னைப் பார்த்துச்சா?"

அவளுக்குள் அந்த மீன் அப்படியே நின்றுகொண்டிருந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டு, ஏதோ கேள்வி கேட்க வந்த சின்னக் குழந்தை மாதிரி. அதைச் சொல்லலாம். சொல்ல வாயெடுத்தாள். "நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அவர் துண்டை அவள் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தார். "பரவால்ல. போகப்போக வரும்." பிறகு ஆடிட்டர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ஆடிட்டர் அன்றைய மீன்களுக்கு நீளம் கூட்டிக்கொண்டிருந்தார். இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார், நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. நான் நிஜத்தைப் பார்த்துவிட்டு வந்து பூட்டி வைத்திருக்கிறேன், இவர் போய்ப் பொய்யை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். அந்தப் பொய்யையாவது கொடுக்கிறாரே அந்த மனுஷர் என்றும் தோன்றியது.

மதியங்களில் அந்தத் தீவில் யாருக்கும் வேலை இல்லை. அவளுக்கு அது புதுசு. சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் கை சும்மா இருக்காமல் துண்டை மடிக்கும், பிரித்து மறுபடி மடிக்கும். கணவர் மரங்களுக்கு நடுவே கட்டிய வலையூஞ்சலில் ஏற முயன்று அந்தப் பக்கம் விழுந்தார். பல் மருத்துவர் தூக்கத்திலேயே கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். வெள்ளை மணல், காற்று, அலை ஒதுங்கி ஒதுங்கி வருகிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையும் மடியில் அடங்கியது. இப்படி ஒரு சும்மா இருக்கிற சுகம் உலகத்தில் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். சொல்லியிருப்பார்கள், காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

கற்றுக்கொடுப்பவள் அப்போதுதான் வந்து மணலில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்களுக்கு ஒரு வழி யோசிச்சேன். உள்ள போனதும் பேசிக்கிட்டே வாங்க."

"வாயில குழாய் இருக்குமே."

"இருக்கட்டும். குழாயைக் கடிச்சுக்கிட்டே பேசுங்க. வார்த்தை வராது, சத்தம்தான் வரும். ஆனா பேசறவங்களால மூச்சைப் பிடிச்சு வைக்க முடியாது. பார்க்கறதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே வாங்க."

"யார்கிட்ட?"

கற்றுக்கொடுப்பவள் ஊஞ்சல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒருவர் காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஊஞ்சலில் எப்படி ஏற வேண்டும் என்று புதுமாப்பிள்ளைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அது உங்க இஷ்டம்" என்று எழுந்துபோனாள்.

அவள் பழகிப் பார்த்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. 'என்னங்க' என்று ஆரம்பித்தால் 'புர்' என்று குமிழிதான் போனது. ஆனால் போனது. தக்கை மேலே வரவில்லை. மணலில் உட்கார்ந்து, 'என்னங்க, நேத்து பார்த்த நண்டு இன்னைக்கும் வந்திருக்கு' என்றாள். யாருக்கும் கேட்காது, யாரும் கடைக்கு எடுத்துப்போக முடியாது என்கிற தைரியம் வந்ததும் வார்த்தை கொஞ்சம் வேகமாக வந்தது. கற்றுக்கொடுப்பவள் தண்ணீருக்குள்ளேயே கைதட்டினாள். ஆனால் கரைக்கு வந்து குழாயை எடுத்ததும் பழைய கதைதான். அவர் கேட்டார், அவள் "நல்லா இருந்துச்சு" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசி நாளும் வந்தது. படகு நின்ற இடத்தில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. கணவர் மண்டி போட்டு அவள் காலில் துடுப்பை மாட்டினார். வாரை இழுத்துவிட்டு, காலை உடனே விடாமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். அவள் ஓரத்தில் உட்கார்ந்து பின்பக்கமாக விழுந்தாள்.

'என்னங்க, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறேன். வழுக்குது.' குமிழிகள் அவள் காதை உரசிக்கொண்டு மேலே போயின. 'வெளிச்சம் தூண் தூணா இறங்குது. உங்க படகோட அடிவயிறு தெரியுது, அதுக்கு மேலதான் நீங்க இருக்கீங்க. பவளம்னா சிவப்புன்னு நினைச்சிருந்தேன், இங்க இல்லாத நிறமே இல்ல. மான்கொம்பு மாதிரி ஒண்ணு, மூளை மாதிரி ஒண்ணு, விசிறி மாதிரி ஒண்ணு ஆடுது. நம்ம கடையில கல்யாணத்துக்குன்னு வாங்குவாங்களே ஒரு நீலச் செருப்பு, அதே நீலத்துல ஒரு கூட்டம் போகுது. எல்லாம் ஒண்ணா திரும்புது. யாரு சொல்லி திரும்புதுன்னு தெரியல.'

சொல்லச் சொல்ல அவளுக்கு ஒன்று புலப்பட்டது. இத்தனை வருஷமாக அவள் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மேலே இருந்து பார்த்திருக்கிறாள். அதற்குள் ஓடுவதையும் உருள்வதையும் பார்த்து அசந்திருக்கிறாள். இப்போது அவளே சொட்டுக்குள் இருந்தாள். எண்ணி முடிக்க முடியாத உயிர்கள் அவரவர் ஜோலியைப் பார்த்துக்கொண்டு சுற்றிலும் போயின. அவளை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இவ்வளவும் நாம் பார்க்காதபோதும் இப்படியே நடந்துகொண்டிருந்ததா என்று நினைக்க அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கண்ணாடிக்குள் கண்ணீர், வெளியே கடல். அதையும் அவரிடம் சொன்னாள்.

ஒரு பாறைக்குப் பக்கத்தில் எல்லோரையும் மணலில் மண்டியிடச் சொன்னாள் கற்றுக்கொடுப்பவள். ஆடிட்டர் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். தம்பதி கைகோத்துக்கொண்டார்கள். அப்போது வெளிச்சம் குறைந்தது.

மேலே ஏதோ மேகம் என்றுதான் நினைத்தாள். மேகம் இறக்கையை ஒருமுறை அசைத்தது. கொடியில் காய்கிற போர்வை காற்றில் எழும்பி அடங்குவது போல அவ்வளவு நிதானமாக அசைத்தது. வெள்ளை வயிறு, அதில் மை சிந்திய மாதிரிப் புள்ளிகள். கடை அகலம் என்று அவர் சொன்னது குறைவு. அது பாறைக்கு மேல் வந்து நின்றது. பாறை இடுக்கிலிருந்து பொடி மீன்கள் புறப்பட்டு வந்து அதன் மேலெல்லாம் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன. அவ்வளவு பெரிய உருவம், கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளி மாதிரி, அசையாமல் நின்றது. அந்த நிற்றலை அவளுக்குத் தெரியும். தினமும் அவள் முன்னால் வந்து உட்கார்கிற நம்பிக்கை அது. வேலை முடிந்ததும் திருக்கை தாழ்ந்து, அவள் தலைக்கு மேலாக வந்தது. பக்கவாட்டில் இருந்த கண் அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே கடந்தது.

அவள் மூச்சு நின்றது.

நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. முழங்கால் மணலைவிட்டு எழும்பியது. நெஞ்சு நிறையக் காற்றோடு மேலே போய்க்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுப்பவள் தூரத்திலிருந்து அவளை நோக்கிப் பாய்வது தெரிந்தது. கற்றுக்கொண்ட எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது ஒன்றுதான். இதைச் சொல்ல வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டும்.

'என்னங்க' என்றாள். அடிவயிற்றிலிருந்து வந்தது. 'என்னங்க, வந்துடுச்சுங்க, நீங்க சொன்ன மாதிரியேதாங்க, என்னைப் பார்த்துச்சுங்க.' நெஞ்சில் இருந்த காற்று மொத்தமும் குமிழியாகப் புறப்பட்டுப் போனது. அவள் மெல்ல மணலுக்குத் திரும்பினாள்.

படகில் ஏறியதும் கணவர் அவள் காலை மடியில் வாங்கிக்கொண்டார். வாரைத் தளர்த்தினார். எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார் போலிருந்தது.

"எல்லாரோட குமிழியும் ஒரே சீரா வந்துச்சு" என்றார், துடுப்பைப் பார்த்துக்கொண்டே. "உன்னோடது மட்டும் விட்டு விட்டு, பேசற மாதிரி வந்துச்சு. நடுவுல நின்னுபோச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு. அப்புறம் மொத்தமா கொப்புளிச்சுக்கிட்டு வந்துச்சு பாரு."

"அப்பதாங்க உங்களைக் கூப்பிட்டேன்" என்றாள் அவள்.

அவர் தலையைத் தூக்கினார். அவள் பேச ஆரம்பித்தாள். கயிற்றில் ஆரம்பித்தாள். தூண் தூணாக இறங்கிய வெளிச்சம், நீலச் செருப்பு நிறம், சொட்டுக்குள் இருப்பது, முதல் நாள் பார்த்த மஞ்சள் மீனின் உதடு, எல்லாம் வரிசை தப்பித் தப்பி வந்தன. மற்றவர்கள் துடைத்துக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். பல் மருத்துவர் தூங்கிவிட்டார். படகு கரைக்கு வந்தும் அவள் முடிக்கவில்லை. அறை வாசலில் ஈரத் துணி காயும்வரை சொன்னாள். அவர் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். திருக்கையின் கண்ணுக்கு வந்தபோது அவள் குரல் உடைந்தது. அவர் அவள் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். சந்தோஷத்திலும் அழுகை வரும் என்று கேள்விப்பட்டிருந்த இரண்டு பேரும் அன்றைக்கு அதைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன், நீள மேசையில் எல்லோரும் ரொட்டியும் முட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆடிட்டர் திருக்கைக்கு இறக்கை கூட்டிக்கொண்டிருந்தார். அது வளர்ந்து வளர்ந்து தீவின் அகலத்துக்கு வந்துவிட்டது. பிறகு செருப்புக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அம்மா என்ன பார்த்தாங்களாம்? சாயங்காலம் பூரா உங்ககிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்களே. சொல்லுங்க, கேப்போம்."

தம்பதி சண்டையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். பல் மருத்துவர் ஒரு கண்ணைத் திறந்தார். இத்தனை நாளும் கேட்காமலே கொட்டிய வாய், கேட்டால் சும்மா இருக்குமா? அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. மூச்சும் நின்றது.

அவர் வாயைத் திறந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை நிதானமாகத் தடவினார்.

"நல்லா இருந்துச்சாம்" என்றார்.

அவள் மூச்சு விட்டாள்.